கொழிஞ்சாம்பாறையிலும் மூணாறிலும் ஒரே ரொட்டி

காய்ச்சல் வந்தால் ரொட்டி. நம் வீடுகளில் ரொட்டிக்கு இருந்த மரியாதை பெரும்பாலும் அவ்வளவுதான். ஆனால் மூணாறு தேயிலைத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அப்படியில்லை. மாலை நான்கு மணிக்குச் சூடான தேநீரும், அதில் தொட்டுத் தின்ன இரண்டு துண்டு ரொட்டியும் அங்கே அன்றாட வழக்கம். என் அப்பா நாற்பது வருடம் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்று, அம்மாவும் போன பிறகு, பாலக்காட்டு எல்லையில் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் உள்ள என் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். வந்த நாள் முதல் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பல்லும் இல்லை. கடை ரொட்டி வாங்கிக் கொடுத்தால், "இனிக்குதும்மா, பஞ்சு மாதிரி இருக்கு" என்று தள்ளி வைத்துவிடுவார்.

அமெரிக்காவில் இருக்கும் என் மகள் விடுமுறைக்கு வந்தபோது, தாத்தாவுக்காக ஒரு ரொட்டி இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மாவையும் தண்ணீரையும் போட்டுப் பொத்தானை அழுத்தினால், அதுவே பிசைந்து, பொங்க வைத்து, சுட்டும் கொடுத்துவிடும். மூன்று மணி நேரத்தில் ரொட்டி தயார் என்றாள். அவள் இருந்த பத்து நாளும் அமெரிக்காவிலிருந்து கொண்டு வந்த மாவில் ஒருவிதமாக வந்தது. அவள் விமானம் ஏறிய பிறகு நான் செய்ததெல்லாம் செங்கல்!

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. தட்டு காலியாகத்தான் திரும்பி வந்தது. சந்தோஷப்பட்டேன். ஒரு நாள் கொல்லைப்புறம் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. நான் கொடுத்த ரொட்டியையெல்லாம் துண்டு துண்டாகக் கிள்ளிக் காக்கைக்குப் போட்டுக்கொண்டிருந்தார். மகள் மனம் நோகக்கூடாது என்று இரண்டு வாரமாக இது நடந்திருக்கிறது. அவர் உடம்போ நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டிருந்தது. அன்றைக்குத்தான், இந்த இயந்திரத்தை விடுவதில்லை என்று உட்கார்ந்தேன். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்தவள், ஒரு இயந்திரத்திடம் பாடம் கற்க வெட்கப்படலாமா?

எனக்குத் தெரிய வந்ததை நம் சங்கத்துச் சகோதர சகோதரிகளோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை. வெளிநாட்டுப் பிள்ளைகள் கொண்டு வந்து கொடுத்த இயந்திரம் பரணில் தூங்கும் வீடுகள் நம்மில் பல உண்டு என்பது எனக்குத் தெரியும்.

இயந்திரம் பிறந்த கதை

ரொட்டி இயந்திரத்தின் பிறப்பிலேயே நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. 1980-களில் ஜப்பானில் ஒசாகாப் பகுதியைச் சேர்ந்த மட்சுஷிடா நிறுவனத்தார் இதைச் செய்ய முயன்றார்கள். மேல்தோல் கருகியது, உள்ளே வேகவில்லை. பொறியாளர்கள் மாவை எக்ஸ்-ரே எடுத்துக்கூடப் பார்த்தார்களாம், காரணம் பிடிபடவில்லை. கடைசியில் இகுகோ தனகா என்ற பெண், கணினி மென்பொருள் எழுதுபவர், ஒசாகா இன்டர்நேஷனல் ஓட்டலின் தலைமை ரொட்டிக்காரரிடம் போய்த் தொழில் பழகினார். அவர் மாவை வெறுமனே பிசையவில்லை, முறுக்கி இழுத்துப் பிசைகிறார் என்பதைக் கண்டுகொண்டார். இயந்திரத்துப் பாத்திரத்தின் உட்சுவரில் சின்னச் சின்ன வரம்புகள் வைத்ததும், மாவு அதில் மாட்டி இழுபட்டது. 1987-ல் அந்த இயந்திரம் விற்பனைக்கு வந்தது.

அதாவது இந்தப் பெட்டிக்குள் இருப்பது ஒரு மனிதரின் கைப்பழக்கம். ஆனால் கண்ணும் மூக்கும் அதற்கு இல்லை. வெளியே வெயிலா, பனியா, மாவு எந்த ஊர் மாவு என்று அதற்குத் தெரியாது. அந்தக் கண்ணும் மூக்கும் நாம்தான்.

ஈஸ்ட் நமக்குப் புதிதா?

ஈஸ்ட் என்றவுடன் ஏதோ வெள்ளைக்காரன் சரக்கு என்று நினைக்க வேண்டாம். எங்கள் சித்தூர் தாலுகா கேரளத்துக்கே கள் அனுப்பும் பூமி. பாளையில் சுரக்கும் இனிப்பு நீரைக் கள்ளாக்குவது காற்றிலும் பானையிலும் இருக்கும் ஈஸ்ட்தான். ரொட்டிக்காரர் பயன்படுத்தும் ஈஸ்டும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. ஆப்ப மாவில் ஒரு கரண்டி கள் ஊற்றிய நம் பாட்டிமார்களுக்கு இது தெரியாததா? தலைச்சேரியில் 1880-ல் ராயல் பிஸ்கட் ஃபாக்டரியைத் தொடங்கிய மாம்பள்ளி பாபு, உள்ளூர்ச் சரக்கைக்கொண்டே மாவைப் புளிக்க வைத்துக் கேக் செய்தார் என்று சொல்வார்கள். கேரளத்து பேக்கரிகளின் கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஈஸ்ட் ஓர் உயிர். மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவை விடுகிறது. பிசைந்த மாவிலுள்ள குளூட்டன் என்ற புரதம் ரப்பர் பலூன் போல அந்த வாயுவைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. சுடும்போது பலூன் அப்படியே இறுகிவிடுகிறது. இதுதான் ரொட்டி. ஆகவே ரொட்டி கெட்டுப்போனால் கேட்க வேண்டிய கேள்வி இரண்டே இரண்டு. வாயு போதுமான அளவு வந்ததா? வந்த வாயுவைப் பலூன் தாங்கியதா?

முதல் குற்றவாளி, மாவு

அமெரிக்காவில் ரொட்டிக்கென்று தனியாக விற்கும் மாவில் 100 கிராமுக்கு 12, 13 கிராம் புரதம் இருக்கும். நம் கடை மைதாவில் பெரும்பாலும் 10 கிராமை ஒட்டித்தான். பொட்டலத்தின் பின்புறம் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பாருங்கள். இருப்பதில் புரதம் அதிகமுள்ளதை வாங்குங்கள். 11 இருந்தால் நல்லது. பேக்கரிச் சாமான் விற்கும் கடைகளில் குளூட்டன் தூளாகவே கிடைக்கிறது. 400 கிராம் மைதாவுக்கு இரண்டு டீஸ்பூன் சேர்த்தால் பலூன் உறுதியாகும்.

கோதுமை மாவில் செய்ய ஆசைப்படுகிறவர்கள் முதலில் கால் பங்கு மட்டும் சேருங்கள். கல் இயந்திரத்தில் அரைத்த ஆட்டா அதிகத் தண்ணீர் குடிக்கும். 100 கிராம் ஆட்டாவுக்கு 15 மி.லி. தண்ணீர் கூட்ட வேண்டும். ஆட்டாவிலுள்ள தவிடு பலூனைக் குத்திக் கிழிக்கும் ஊசி மாதிரி. அதனால் முழுக்க ஆட்டாவில் செய்த ரொட்டி உயரவில்லையே என்று வருந்த வேண்டாம்.

மாவை ஆழாக்கிலும் கப்பிலும் அளக்காதீர்கள். அழுத்தி அள்ளினால் ஒரு கப் 150 கிராம், சலித்துப் போட்டால் 115 கிராம். ரொட்டிக்கு இந்த வித்தியாசம் தாங்காது. ஒரு சிறிய எலெக்ட்ரானிக் தராசு வாங்கிக்கொள்ளுங்கள். நான் செலவழித்ததில் உருப்படியான செலவு அதுதான்.

இரண்டாவது குற்றவாளி, மின்சாரம்

இது வெளிநாட்டிலிருந்து இயந்திரம் கொண்டு வந்தவர்களுக்கு. அமெரிக்க இயந்திரம் 120 வோல்ட்டுக்குச் செய்தது, நம் மின்சாரம் 230. நேராகச் சொருகினால் புகைதான் வரும். டிரான்ஸ்பார்மர் வைக்க வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். தெரியாத விஷயம் ஒன்று உண்டு. அங்கே மின்சாரம் வினாடிக்கு 60 சுற்று, இங்கே 50. டிரான்ஸ்பார்மர் வோல்ட்டை மாற்றும், சுற்றை மாற்றாது. பல இயந்திரங்களில் உள்ள மோட்டார் இந்தச் சுற்றை நம்பி ஓடுவது. அது இங்கே ஆறில் ஒரு பங்கு மெதுவாகத்தான் ஓடும். பிசைவது குறைகிறது, பலூன் பலவீனமாகிறது. ஏற்கெனவே மாவும் பலவீனம். பிறகு செங்கல் வராமல் என்ன வரும்?

இதற்கு வழி எளிது. முதல் பிசைதல் முடிந்ததும் இயந்திரத்தை நிறுத்தி, மறுபடி ஆரம்பத்திலிருந்து ஓட விடுங்கள். இரண்டு தடவை பிசைந்த மாவு பட்டுப் போல வரும். சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வந்த இயந்திரங்கள் பெரும்பாலும் நம் மின்சாரத்துக்கே செய்தவை, அங்கே இந்தத் தொல்லை இல்லை. ஆனாலும் அடியிலுள்ள தகட்டைப் படித்த பிறகே சொருகுங்கள்.

மூடியைத் திறந்து பாருங்கள்

இயந்திரம் ஓடும்போது திறக்கக்கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். பிசையும்போது தாராளமாகத் திறக்கலாம். பொங்கும்போதும் சுடும்போதும்தான் திறக்கக்கூடாது. பிசைய ஆரம்பித்து ஏழெட்டு நிமிடத்தில் எட்டிப் பாருங்கள். மாவு ஒரே உருண்டையாகத் திரண்டு, பாத்திரத்துச் சுவரில் ஒட்டாமல், அடியில் மட்டும் லேசாக ஒட்டிக்கொண்டு சுற்ற வேண்டும். தொட்டால் காது மடல் போல மெத்தென்று இருக்க வேண்டும். சப்பாத்தி மாவுப் பதம் போதாது, பரோட்டா மாவுப் பதம் வேண்டும்.

உருண்டை கட்டியாக, இரண்டாகப் பிளந்து தட்டுகிறதா? ஒரு டீஸ்பூன் தண்ணீர். சுவரெல்லாம் அப்பிக்கொண்டு குழைகிறதா? ஒரு டேபிள்ஸ்பூன் மாவு. ஒரு ஸ்பூன் போட்டு ஒரு நிமிடம் பொறுங்கள், பிறகு அடுத்தது. பாலக்காட்டுக் கணவாயில் தை, மாசி மாதங்களில் அடிக்கும் கிழக்குக் காற்றில் மாவு உலர்ந்து கிடக்கும், தண்ணீர் கூடுதலாகக் கேட்கும். மூணாற்று ஆடி மழையில் மாவே ஈரத்தை இழுத்து வைத்திருக்கும், இரண்டு ஸ்பூன் தண்ணீரைக் குறைக்க வேண்டும். எந்தப் புத்தகமும் உங்கள் வீட்டு மாவின் ஈரத்தைச் சொல்லாது. அந்த உருண்டை சொல்லும்.

வெயில் ஊரில் ஐஸ் தண்ணீர்

இவ்வளவும் செய்து ரொட்டி ஓரளவு வந்தது. அப்பா ஒரு துண்டு தின்றார். அதற்குள் பங்குனி வெயில் வந்துவிட்டது. ரொட்டி நன்றாகப் பொங்கி மேலே வந்து, சுடும்போது நடுவில் குழி விழ ஆரம்பித்தது. வெட்டினால் புளித்த வாடை.

காரணம் இதுதான். வீட்டு ரொட்டி இயந்திரங்களில் சூடாக்கும் கம்பி உண்டு, குளிர்விக்கும் வசதி சாதாரணமாக இல்லை. குளிர் நாட்டில் பொங்க வைக்கச் செய்தது அது. நம் ஊரில் வெளியே 38 டிகிரி அடிக்கும்போது, அது நிர்ணயித்த நேரம் முடிவதற்குள் மாவு பொங்கித் தளர்ந்துவிடுகிறது. இயந்திரத்தின் நேரத்தை மாற்ற முடியாது. மாவின் சூட்டை மாற்றலாம்.

ரொட்டிக்காரர்கள் போடும் ஒரு கணக்கு இருக்கிறது. பிசைந்த மாவு 26 டிகிரி இருக்க வேண்டும். 26-ஐ மூன்றால் பெருக்கினால் 78. அதிலிருந்து மாவின் சூடு, அறையின் சூடு, பிசைவதால் ஏறும் சூடு மூன்றையும் கழித்தால் வருவதுதான் தண்ணீரின் சூடு. என் இயந்திரத்தில் பிசைவதால் ஏறுவது 6 டிகிரி. பங்குனியில் என் சமையலறையும் மாவும் 34 டிகிரி. 34-ம் 34-ம் 6-ம் கூட்டினால் 74. மிச்சம் 4. அதாவது ஐஸ் தண்ணீர்! ஈஸ்டுக்கு வெதுவெதுப்பான தண்ணீர்தான் வேண்டும் என்று புத்தகத்தில் படித்து, வெயில் காலத்திலும் நான் தண்ணீரைச் சூடாக்கிக்கொண்டிருந்தேன். இட்லி மாவைச் சித்திரையில் நாலு மணி நேரத்திலும், மார்கழியில் இரவு முழுக்கவும் புளிக்க விடுகிற நமக்கு இது தோன்றாமல் போயிற்றே!

மலையில் வேறு கணக்கு

தைப் பொங்கலுக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு மூணாற்றில் தம்பி வீட்டுக்குப் போனோம். இயந்திரமும் கூடவே வந்தது. அங்கே அதிகாலையில் புல்லில் உறைபனி. நானோ பழக்கதோஷத்தில் குளிர்ந்த தண்ணீரையே ஊற்றிவிட்டேன். மாவு அசையவே இல்லை. தம்பி மனைவி, "மதினி, ஈஸ்டை ரெண்டு பங்காப் போட்டுப் பாப்பமே" என்றாள். போட்டோம். அடுப்புச் சூடு ஏறியதும் ரொட்டி குடைக்காளான் போல எழுந்து மூடியில் ஒட்டி, அப்புறம் அப்படியே உட்கார்ந்துவிட்டது.

இரண்டு விஷயத்தை நாங்கள் ஒன்றாக்கிக் குழப்பிக்கொண்டோம். குளிர் வேறு, உயரம் வேறு. மூணாறு கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அழுத்தம் சமவெளியில் இருப்பதில் ஆறில் ஐந்து பங்குதான். மேலிருந்து அமுக்கும் கை தளர்ந்தால் பலூன் பெரிதாகத்தானே ஊதும்? அதே அளவு வாயு அங்கே ஐந்தில் ஒரு பங்கு அதிக இடம் பிடிக்கும். ஆகவே மலையில் ஈஸ்ட் குறைய வேண்டும், கூடக்கூடாது. குளிருக்கு மருந்து ஈஸ்ட் அல்ல, வெந்நீர்.

கணக்கைப் போட்டேன். அறை 12, மாவு 12, பிசைதல் 6, மொத்தம் 30. 78-ல் 30 போனால் 48 டிகிரித் தண்ணீர். அது ஈஸ்டுக்கு ஆபத்து. 55, 60 டிகிரியில் ஈஸ்ட் செத்தே போகும். 40-க்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. அதனால் மாவு டப்பாவை முதல் நாள் இரவே அடுப்படியில் வைத்தேன். காலையில் மாவு 20 டிகிரி. இப்போது கூட்டினால் 38, மிச்சம் சரியாக 40. கை பொறுக்கும் வெதுவெதுப்பு.

அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "ஃபாக்டரியிலயும் இதேதான்மா. இலை வாடுறதும் நிறம் மாறுறதும் மழைக்கு ஒரு நேரம், வெயிலுக்கு ஒரு நேரம். கடிகாரத்தப் பாத்து இறக்கினா தேயில கெட்டுப் போகும். மூக்க வச்சுத்தான் இறக்கணும்" என்றார். தேயிலையில் நொதித்தல் என்று சொல்வது ஈஸ்டால் நடப்பதல்ல, இலைச்சாறு காற்றோடு சேர்ந்து மாறுவது. ஆனாலும் அவர் சொன்ன பாடம் ஒன்றேதான். பல மாதங்களுக்குப் பிறகு அவர் அவ்வளவு நேரம் பேசியது அன்றைக்குத்தான்.

அளவுகள்

இரண்டு ஊருக்கும் பொதுவானது: மைதா 400 கிராம், குளூட்டன் தூள் 2 டீஸ்பூன், உப்பு 8 கிராம், சர்க்கரை 12 கிராம், பால் பவுடர் 15 கிராம், எண்ணெய் அல்லது வெண்ணெய் 15 கிராம், தண்ணீர் 250 மி.லி. உப்பைக் குறைக்காதீர்கள். அது ருசிக்கு மட்டுமல்ல, குளூட்டனை இறுக்கி ஈஸ்டை அடக்கி வைக்கும் மூக்கணாங்கயிறும் அதுவே.

கொழிஞ்சாம்பாறை வெயிலுக்கு: ஐஸ் தண்ணீர், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் முக்கால் டீஸ்பூன். இரண்டு தடவை பிசைய விடுகிறவர்கள் மாவையும் ஒரு மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்து எடுங்கள். மூணாற்றுத் தைக் குளிருக்கு: 40 டிகிரித் தண்ணீர், ஈஸ்ட் ஒரு டீஸ்பூன், தலைதட்டி. இதே ரொட்டிக்கு அமெரிக்கப் புத்தகம் சொன்ன ஈஸ்ட் ஒன்றரை டீஸ்பூன்!

பெரும்பாலான இயந்திரங்களில் முதலில் தண்ணீர், அதன் மேல் மாவு, மாவின் நடுவே சிறு குழியில் ஈஸ்ட். சிலவற்றில் ஈஸ்ட் முதலில். கூட வந்த புத்தகம் சொல்கிறபடி செய்யுங்கள். உப்பும் ஈஸ்டும் நேரடியாகத் தொட்டுக்கொண்டு கிடக்க வேண்டாம். பழைய ஈஸ்ட் என்றால், ஒரு சிட்டிகை சர்க்கரை கலந்த வெதுவெதுப்பான நீரில் போட்டுப் பத்து நிமிடம் பாருங்கள். நுரைத்தால் உயிர் இருக்கிறது. மிச்சத்தை இறுக மூடிக் குளிர்பெட்டியில் வையுங்கள்.

ரொட்டி சொல்லும் குறைகள்

நடுவில் குழி விழுந்தால் ஈஸ்டோ தண்ணீரோ சூடோ அதிகம். குட்டையாகக் கனத்து இருந்தால் ஈஸ்ட் செத்தது, அல்லது தண்ணீர் போதவில்லை. பக்கங்கள் உள்வாங்கி ஈரமாக இருந்தால், சுட்ட பிறகு பாத்திரத்திலேயே விட்டுவிட்டீர்கள். மணி அடித்ததும் வெளியே எடுத்துக் கம்பித்தட்டில் வையுங்கள். ஒரு மணி நேரமாவது ஆறாமல் வெட்டாதீர்கள், உள்ளே களியாகிவிடும். கடைசிப் பொங்கலுக்கு முன் கையில் எண்ணெய் தொட்டுக்கொண்டு துடுப்பைக் கழற்றிவிட்டால், அடியில் பெரிய ஓட்டை விழாது.

ரொட்டியைக் குளிர்பெட்டியில் வைத்தால் சீக்கிரம் விறைத்துப்போகும். அன்றைக்கு வேண்டியதை வெளியே துணியில் சுற்றி வையுங்கள். மீதியைத் துண்டு போட்டு, உறையும் அறையில் வைத்து, வேண்டும்போது கல்லில் வாட்டிக்கொள்ளலாம். நம் ரொட்டியில் கெடாமல் இருக்க எந்த மருந்தும் போடுவதில்லை. வெயில் காலத்தில் மூன்றாம் நாள் பூசணம் எட்டிப் பார்க்கும். மாவைப் பொங்க வைக்கப் பல பேக்கரிகள் போட்டு வந்த பொட்டாசியம் புரோமேட்டை 2016-ல் இந்திய அரசு தடை செய்தது. வீட்டு ரொட்டியில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியும் என்பதே ஒரு நிம்மதி.

பொங்கலுக்கு மறுநாள் மாலை நான்கு மணி. தம்பி வீட்டுத் திண்ணையில் தேநீரும் ரொட்டியும் வைத்தேன். இந்தத் தடவை நான் உள்ளே போகவில்லை, பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்பா தொட்டுத் தின்றார். இரண்டாவது துண்டையும் தின்றார். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே, "இன்னொண்ணு இருக்காம்மா?" என்றார்.

காக்கைகளுக்கு அன்றைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

பரணிலிருக்கும் இயந்திரத்தை இறக்கித் துடைத்து, நீங்களும் ஒரு முறை முயன்று பாருங்கள். உங்கள் ஊர்த் தண்ணீருக்கும் வெயிலுக்கும் எந்த அளவு சரியாக வந்தது என்று நம் இதழுக்கு எழுதுங்கள். அடுத்த வீட்டுச் சகோதரிக்கு உதவும்.